கத்திரி வெயில், மூணு நாய், தனியா ஒரு அம்மாயி: ஒரு நிகழ்வு ஆய்வு

எதுக்கு எழுதறேன்

சேலத்துல கன்னங்குறிச்சி பக்கம், ஏற்காடு அடிவாரம் போற ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு தெரு. போன கோடையில அங்க ஒரு வீட்டுல நடந்தத வரிசையா எழுதி வெக்கிறேன். நாங்க நாலஞ்சு பேரு அந்த ஏரியாவுல தெருநாய்ங்களுக்கு வெறிநோய் தடுப்பூசி போடறப்போ கூட நின்னு நாய் புடிச்சுக் குடுக்கற ஆளுங்க, அவ்வளவுதான், டாக்டரெல்லாம் இல்ல. வயசானவங்க நாயோட தனியா இருக்கற வீடு நம்மூர்ல இப்ப நெறைய ஆயிடுச்சு, பசங்க ஓசூரு பெங்களூருன்னு போயிடறாங்க, நாய் மட்டும் இங்கயே தங்கிடுது. அந்த மாதிரி வீட்டுக்குப் பக்கத்துல குடியிருக்கறவங்களுக்கு இது உதவலாம். அந்த வீட்டு அம்மாயிகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், மனுஷங்க பேரு எதுவும் இல்ல. "நாய்ங்க பேரப் போட்டுக்க கண்ணு, அதுங்க என்ன கோவிச்சுக்கவா போவுதுங்க"ன்னாங்க.

வீடு, ஆளு, நாய்ங்க

வயசு 71. தெருவே அவங்கள அம்மாயின்னுதான் கூப்புடும். வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில வேல பார்த்தவரு, அவரு காலமாயி சில வருஷம் ஆச்சு. மகன் பெங்களூர்ல, மக ஈரோட்டுல. முன்னாடி மேல மொட்டமாடி போட்ட ஒரு ரூம், ரெட் ஆக்சைடு தரை, பழைய காலத்து வீடுங்கறதால செவுரு நல்ல தடிமன். பின்னாடி சமையக்கட்டும் நாய் கட்டற எடமும் சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழ. வாசல்ல ஒரு வேப்பமரம். அம்மாயிக்கு முட்டி வலி, பிபி இருக்கு, பிபி மாத்திரையோட நீர் பிரியற மாத்திரையும் சேர்ந்திருக்கு, இந்த விஷயத்த ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

மூணு நாயில பெரியவன் மணி, 11 வயசு. ராஜபாளையம் கிராஸுன்னு அம்மாயி சொல்வாங்க, வெள்ளையா இருக்கறதத் தவிர வேற ஆதாரம் எதுவும் எங்க கண்ணுக்குப் படல. அடுத்தது கருப்பி, மூக்கனேரிக் கரையில குட்டியாக் கெடந்து தூக்கிட்டு வந்த நாட்டு நாய். மூணாவது பப்லு, பக் நாய், மகன் லாக்டவுன் சமயத்துல ஆசையா வாங்கி அப்பார்ட்மெண்ட்ல ஒத்து வராம அம்மா வீட்டுல விட்டுட்டுப் போனது. ஒரு பக் நாய் எட்டு கிலோவுக்குள்ள இருந்தா நல்லது, பப்லு 12 கிலோ. காரணம் சாயங்காலம் தள்ளுவண்டியில வாங்கற தட்டுவடை செட், ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல சட்னியும் துருவுன காயும் வெச்சுக் குடுப்பாங்களே, அது. அம்மாயிக்கு ஒரு செட்டுன்னா அதுல பாதி பப்லுவுக்கு, அதுல இருக்கற வெங்காயத்தோட சேத்து. வெங்காயம் நாய்க்கு ரத்தத்துல செவப்பணுவ ஒடைக்கும்னு டாக்டர் சொன்னப்ப "வெங்காயத்த எடுத்துட்டுத்தான் குடுப்பேன்"னு சத்தியம் பண்ணாங்க, சட்னியில இருக்கறத எப்புடி எடுப்பாங்கன்னு யாரும் கேக்கல.

இதில்லாம தெருமுனையில நாலு தெருநாய்ங்களுக்கும் அவங்கதான் சோறு.

சித்திரையில கண்ணுல பட்டது

ஏப்ரல் ரெண்டாவது பாதியில தடுப்பூசி அட்டை எழுத வீடு வீடா போனப்பதான் இதெல்லாம் கவனிச்சோம். மத்தியானம் பன்னெண்டு மணி, நாற்பது டிகிரிய ஒட்டுன வெயில். அம்மாயி பின்னாடி ஷீட்டுக்குக் கீழ வெறகு அடுப்புல ஒரு அலுமினியக் குண்டாவ வெச்சு கோழிக் கழிவும் நொய்யரிசியும் வேக வெச்சுகிட்டு இருந்தாங்க. மேல ஷீட்டு கொதிக்குது, கீழ அடுப்பு எரியுது, அதுக்கு நாலடி தள்ளி மணிய கட்டி வெச்சிருக்கு. கருப்பி துவைக்கிற கல்லு பக்கத்துல ஈரத்துல வயித்த ஒட்டிப் படுத்திருந்துச்சு, ரெண்டு நாளா சரியா சாப்புடலையாம். காதுக்குள்ளயும் வெரல் இடுக்குலயும் உண்ணி. ஒதட்டத் தூக்கிப் பாத்தா ஈறு வெளுத்துப் போயிருந்துச்சு. மணி முன்னங்கால நக்கிகிட்டே இருந்தான், உள்ளங்கால் தோலு ரெண்டு எடத்துல உரிஞ்சிருந்துச்சு, கான்கிரீட் மொட்டமாடிக்கு மத்தியானம் வடகம் காய வெக்கறப்ப அம்மாயி பின்னாடியே போயிருக்கான். பப்லு சும்மா படுத்திருக்கும்போதே கொர்ருன்னு சத்தமா மூச்சு விட்டான்.

இதெல்லாம் நாய்ங்களப் பத்தி. அம்மாயியப் பத்திக் கவனிச்சது ஒண்ணே ஒண்ணு. நாங்க அங்க உக்காந்திருந்த நேரத்துக்குள்ள நாய்ங்களோட தண்ணிச் சட்டிய மூணு தடவ கழுவி ரொப்புனாங்க. திண்ணையில அவங்களுக்குன்னு வெச்சிருந்த பித்தளச் சொம்பு வாய் வரைக்கும் தண்ணியோட, மேல ஒரு எறும்பு மெதந்துகிட்டு, அப்புடியே இருந்துச்சு. கேட்டா, "தண்ணி குடிச்சா அடிக்கடி பாத்ரூம் போவணும், முட்டி வலிக்குது சாமி"ன்னாங்க. வயசாக ஆக தாகமே சரியாத் தெரியாது, அதுமேல நீர் பிரியற மாத்திரை வேற.

கருப்பிய மறுநாளே தூக்கிட்டுப் போயி ரத்தம் எடுத்தோம். ரத்தம் ஒறைய வெக்கற தட்டணு கொறஞ்சிருந்துச்சு, உண்ணிக் காய்ச்சல். பழுப்பு உண்ணி கடிக்கறது மூலமா பரவற எர்லிக்கியாங்கற கிருமி, வெயில் காலத்துல உண்ணி பெருகறப்ப இதுவும் கூடும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாளு, வெறும் வயித்துல குடுக்கக்கூடாதுன்னு சொல்லி அனுப்புனாங்க. அம்மாயிகிட்ட மத்தியானம் அடுப்பு வேணாம்னு சொன்னோம், சரின்னு தலையாட்டுனாங்க. மாத்துனதா தெரியல.

மே மொத வாரம், அந்த மத்தியானம்

கத்திரி ஆரம்பிச்சிருந்த நேரம். ஒண்ணரை மணி இருக்கும், கரண்ட் இல்ல. பப்லு பின்வாசல்ல சாஞ்சு விழுந்துட்டான், நாக்கு ஊதா கலர், எச்சில் நூலு மாதிரி கெட்டியா தொங்குது. அம்மாயி அடுப்ப விட்டுட்டு ஓடி வந்து பைப்பத் தொறந்து பக்கெட்டுல தண்ணி புடிச்சு ஊத்தியிருக்காங்க. அது மாடி சின்டெக்ஸ் டேங்க் தண்ணி, அந்த நேரத்துல கை வெக்க முடியாத சூடு. ரெண்டாவது பக்கெட்டத் தூக்கறப்ப அவங்களுக்கே கண்ணு இருட்டி வாசப்படியில உக்காந்துட்டாங்க. பக்கத்து வீட்டு காலேஜ் பொண்ணு சத்தம் கேட்டு வந்துதான் எங்களுக்கு போன் பண்ணுச்சு.

நாங்க போறதுக்குள்ள அந்தப் பொண்ணு கால்நடை டாக்டருக்கும் போன் போட்டு ஸ்பீக்கர்ல வெச்சிருந்துச்சு, அதுதான் அன்னிக்கி நடந்த பெரிய நல்லது. யாரோ ஐஸ் கட்டி கொண்டாந்தாங்க, டாக்டர் வேணாம்னுட்டாரு. "மொதல்ல அங்கயே குளுத்துங்க, அப்புறம் தூக்கிட்டு வாங்க"ன்னாரு. உள்ரூம்ல குடிதண்ணி புடிச்சு வெச்சிருந்த ட்ரம்முல இருந்து தண்ணி எடுத்து வயிறு, தொடையிடுக்கு, உள்ளங்காலுன்னு ஊத்திகிட்டே ஆளுக்கொரு அட்டைய வெச்சு விசிறினோம். நாய்க்கு உள்ளங்கால்ல மட்டும்தான் கொஞ்சம் வேர்க்கும், மத்ததெல்லாம் மூச்சுல ஆத்தணும், பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு அந்த மூச்சே பத்தாது. ஒரு பாட்டி வாயில தண்ணி ஊத்த வந்தப்ப, ஊத்தாதீங்க, பொர ஏறிடும்னு தடுத்தோம்.

இதுக்கு நடுவுல அம்மாயிகிட்ட இன்னிக்கி என்ன கெழமைன்னு கேட்டா வேற என்னமோ சொல்றாங்க. மகன் பேரச் சொல்லச் சொன்னா வீட்டுக்காரர் பேரச் சொன்னாங்க. வெறும் கிறுகிறுப்புன்னா திண்ணையில படுக்க வெச்சு மோரு குடுத்துப் பாக்கலாம், பேச்சு கொழம்புதுன்னா வீட்டுல வெச்சுப் பாக்கக்கூடாதுன்னு 108க்கு அடிச்சோம். வண்டி வந்துருச்சு, அவங்க ஏற மாட்டேன்னுட்டாங்க. பப்லு மொதல்ல போவணுமாம். அந்த நெலமையிலயும் அதுல மட்டும் கொழப்பமே இல்ல. ஆட்டோவுல பப்லுவ ஏத்தி அது தெரு திரும்பறத பாத்ததுக்கப்புறம்தான் ஸ்ட்ரெச்சர்ல படுத்தாங்க.

கால்நடை ஆஸ்பத்திரியில பப்லுவுக்கு 106 டிகிரி ஃபாரன்ஹீட். நாய்க்கு 101ல இருந்து 102.5 வரைக்கும்தான் சாதாரணம். நாங்க குளுத்திட்டுப் போயும் அவ்வளவு. 103க்கு எறங்குனதும் தண்ணி ஊத்தறத நிறுத்திட்டாங்க, விடாம ஊத்துனா தேவைக்கு மேல எறங்கிடுமாம். ட்ரிப்ஸ் போட்டு ராத்திரி அங்கயே வெச்சுகிட்டாங்க.

அம்மாயிக்கு சோடியம் 122. 135க்கு மேல இருக்கணும். வேர்வையில போனது பாதி, மாத்திரையில போனது பாதின்னு டாக்டர் சொன்னாரு. நீர் மாத்திரைய நிறுத்தி வேற பிபி மாத்திரை எழுதிக் குடுத்தாரு.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

மகனும் மகளும் வந்தாங்க. மகன் சொன்னது சுருக்கமா, நாய்ங்கள எங்கயாவது குடுத்துடலாம், அம்மா என்கூட வரட்டும். தப்பா எடுத்துக்க முடியாது, பயந்து போன புள்ள. ஆனா 11 வயசு மணியையும் காய்ச்சல்ல இருக்கற கருப்பியையும் யாரும் எடுக்க மாட்டாங்க, காப்பகத்துல விட்டா மணி தாங்க மாட்டான். அம்மாயி ஒரே வரியில முடிச்சுட்டாங்க: "அதுங்கள அனுப்புனா நான் எதுக்கு காலைல எந்திரிக்கணும்?"

மக இன்னொரு யோசன சொன்னாங்க, மே மாசம் மட்டும் ஏற்காட்டுல தெரிஞ்சவங்க வீட்டுல நாய்ங்களோட போயி தங்கறது. சேலம் கடல் மட்டத்துல இருந்து முந்நூறு மீட்டருக்குள்ள, ஏற்காடு 1,500 மீட்டர், ஏழெட்டு டிகிரி கண்டிப்பா கொறையும். கேக்க நல்லாருக்கு. ஆனா 20 கொண்டை ஊசி வளைவு, மூணு நாய், கோடை விழாக் கூட்டம், ராத்திரி ஒண்ணுன்னா மறுபடி கீழதான் எறங்கி வரணும். வேணாம்னு விட்டோம்.

இதுல எனக்கு எரிச்சலா இருந்த ஒண்ணச் சொல்லிடறேன். அம்மாயியப் பாத்த டாக்டர், நாய் வேலையெல்லாம் விடுங்கன்னாரு. நாயப் பாத்த டாக்டர், பாட்டியால முடியலன்னா வேற ஆள் போடுங்கன்னாரு. ரெண்டு பேரும் சொன்னது அவங்கவங்க பக்கத்துக்கு சரி, ஆனா அந்த வீட்டுல அம்மாயி நாளும் நாய்ங்க நாளும் தனித்தனியா இல்லவே இல்ல. அதனால டெய்லி காலண்டர் தாளு பின்னாடி, காலைல கண்ணு முழிச்சதுல இருந்து ராத்திரி கதவு சாத்தற வரைக்கும் அவங்க என்னென்ன பண்றாங்கன்னு அவங்க வாயாலயே சொல்லச் சொல்லி எழுதினோம். எழுதி முடிச்சுப் பாத்தா வெயில்ல பண்ற கடின வேல மொத்தமும் பதினொண்ணுல இருந்து ரெண்டு மணிக்குள்ள வருது. அடுப்பு, பின்கட்டு கழுவறது, தெருமுனைக்கு குண்டாவத் தூக்கிட்டுப் போறது. ஏன் அந்த நேரம்னு கேட்டா, கறிக்கடைக்காரர் கட முழுக்க வெட்டி முடிச்சு கழிவு ஒதுக்கிக் குடுக்கறது பத்தரைக்கு. வாங்கி வந்து கழுவி அடுப்புல ஏத்தறப்ப பதினொண்ணு. அவ்வளவுதான் காரணம். அம்மாயி பிடிவாதமும் இல்ல ஒண்ணும் இல்ல, கறிக்கடை நேரத்துக்குத்தான் அந்த வீடே ஓடிகிட்டு இருந்துச்சு.

கடைக்காரர்கிட்ட பேசினோம். மனுஷன் உடனே ஒத்துகிட்டாரு, கழிவ ஃப்ரீசர்ல வெச்சு சாயங்காலம் குடுக்கறதா. காலேஜ் பொண்ணு வர்ற வழியில வாங்கிட்டு வந்து ஃப்ரிட்ஜுல வெச்சுடும். காலைல அஞ்சு மணிக்கு கேஸ் அடுப்புல, குக்கர்ல நொய்யும் கறியும் பரங்கிக்காயும். வெறகு அடுப்பு மழைக்காலம் வரைக்கும் கெடையாது. அஞ்சரைக்கு ஏரிப்பக்கம் ஒரு நட, ஆறரைக்கு மொத சாப்பாடு, ராத்திரி ஏழுக்கு ரெண்டாவது. தெருநாய்ங்களுக்கும் ஏழு மணிக்கு மேலதான், அதுவும் பசங்க வெளையாடற தெருமுனைய விட்டுத் தள்ளி காலி மனை ஓரமா. நாய் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023லயே சோறு வெக்கற எடம் பசங்க வெளையாடற எடத்துக்கும் படிக்கட்டு வாசலுக்கும் தள்ளி இருக்கணும், நேரம் குறிச்சு வெக்கணும்னு இருக்கு, அதச் சொன்னதும் தெருவுல ரெண்டு வீட்டுக்காரங்க சண்டையும் கொறஞ்சுச்சு.

காலைல பத்துல இருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் மூணு நாயும் முன் ரூம்ல, தடிச்ச செவுத்துக்குள்ள. ஜன்னல்ல ஈரச் சாக்கு. பின்னாடி ஷீட்டு மேல சுண்ணாம்பு ரெண்டு கோட்டு அடிச்சு அதுமேல தென்னங்கீத்து. நாய் வீட்டுக்குள்ளயான்னு அம்மாயிக்குத்தான் மொதல்ல ஒப்பல, சாமி படத்துக்கு முன்னாடி ஒரு பழைய பொடவயத் திரையா கட்டி அதுக்கு ஒரு வழி பண்ணிகிட்டாங்க.

தண்ணி விஷயத்துக்கு டாக்டரக் கேட்டோம். வெறும் தண்ணியாவே குடிச்சா உப்பு இன்னும் எறங்கும், கஞ்சி, உப்பு போட்ட மோருன்னு மாத்தி மாத்தி குடிக்கணும், எவ்வளவுங்கறத இந்த வயசுக்கும் பிபிக்கும் தகுந்த மாதிரி எழுதித் தர்றேன்னாரு. அவங்களுக்கு அளவு ஞாபகம் இருக்காது. அதனால நாய்ச் சட்டிய ரொப்புற ஒவ்வொரு தடவையும் அவங்க ஒரு டம்ளர் குடிக்கணும்னு வெச்சோம், சட்டிய ரொப்ப அவங்க எந்தக் காலத்துலயும் மறந்ததில்ல.

அதுக்கப்புறம் நடந்தது

பப்லு மூணாம் நாள் வீட்டுக்கு வந்தான், தட்டுவடை கட். கருப்பி ஒரு வாரத்துல சோத்துச் சட்டிய நக்க ஆரம்பிச்சுது. உண்ணிக்கு மூணு நாய்க்கும் மாத்திரை, செவுத்து வெடிப்புலயெல்லாம் மருந்து அடிச்சு சுண்ணாம்பு பூசினோம். பெண் உண்ணி நாய விட்டு எறங்கி செவுரு ஏறி ஆயிரக்கணக்குல முட்டை வெக்கும், நாய் மேல மட்டும் பாத்துகிட்டு இருந்தா தீராது.

வீட்டுக்குள்ள வெச்சதுல நாங்க நெனக்காத ஒண்ணு வந்துச்சு. மே மாசம் சேலத்துல மாம்பழம் இல்லாத வீடு ஏது. யாரோ ஒரு பை செந்தூரா குடுத்திருக்காங்க. அம்மாயி சாப்புட்டுட்டு கொட்டைய பக்கெட்டுல போட்டுட்டு கண்ணசந்தாங்க, மணி அதுல ஒண்ண முழுசா முழுங்கிட்டான். முன்னாடி பின்கட்டுல கட்டியிருந்தப்ப அவனுக்கு அந்த பக்கெட்டு எட்டாது. மறுநாள் வாந்தி, தண்ணி குடிச்சாலும் வெளிய வருது. வயித்தத் தடவிப் பாத்த அம்மாயி கைய வலி தாங்காம கவ்விட்டான், ரத்தம் வரல, தோலு சிராய்ப்புதான். ஸ்கேன்ல கொட்டை குடல்ல அடச்சுகிட்டு நிக்கறது தெரிஞ்சு அன்னிக்கே ஆபரேஷன். பொழச்சுகிட்டான். ஏர்கூலர் வாங்க மகன் அனுப்பி வெச்ச பணம் அதுல போயிடுச்சு, கூலர் கடைசி வரைக்கும் வாங்கல.

கடிச்சதுக்கு அம்மாயி ஊசி போட மறுத்தாங்க. "நான் வளத்த புள்ள பல்லு பட்டதுக்கு ஊசியா?" அட்டைய எடுத்துப் பாத்தா மணிக்கு தடுப்பூசி போட்டு வருஷம் தாண்டியிருந்துச்சு. ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவ வெச்சு, அரசு ஆஸ்பத்திரியில அன்னிக்கே ஆரம்பிச்சு 3, 7, 28ம் நாள்னு நாலு தடவையும் கூட்டிட்டுப் போயிட்டு வந்தோம். காசு கெடையாது, க்யூதான்.

மாசக் கடைசியில ஏற்காட்டு மல பக்கமிருந்து இடியோட மழை எறங்குச்சு. சூடு கொறஞ்சுது, ஆனா ஈரக்காத்துல சாக்கு வேல செய்யல, ரூமு புழுங்குச்சு. அன்னிக்கி சாக்க எடுத்துட்டு எதிரும் புதிருமா கதவத் தொறந்து விட்டதே போதுமானதா இருந்துச்சு. ஜூன்ல அம்மாயிக்கு மறுபடி ரத்தம் பாத்தப்ப சோடியம் 137. பப்லு 10.8 கிலோ.

அடுத்த கோடைக்கு மாத்தறது

மாசி கடைசியிலயே நேரத்த மாத்திடணும், சித்திரை பொறந்து ஒவ்வொண்ணா பண்ணிகிட்டு இருந்தா கத்திரி வந்துடுது. உண்ணி மருந்தும் தடுப்பூசியும் பங்குனிக்குள்ள. நீர் மாத்திரை சாப்புடறவங்க வெயில் ஆரம்பிக்கும் முன்னாடி டாக்டர ஒரு தடவ பாத்து அளவக் கேட்டுக்கணும், தானா நிறுத்தக்கூடாது. மாங்கொட்டைக்கு மூடி போட்ட டப்பா ஏற்கனவே வந்தாச்சு.

இன்னும் முடியாதது ஒண்ணு இருக்கு. அம்மாயி மறுபடி ஆஸ்பத்திரியில படுத்தா அந்த ரெண்டு மூணு ராத்திரி நாய்ங்கள யாரு பாக்கறதுங்கறது. இந்தத் தடவ நாங்க மாத்தி மாத்திப் படுத்தோம். காலேஜ் பொண்ணுக்கு இது கடைசி வருஷம், எனக்கு ஷிப்ட் மாறுது. மகன்கிட்ட பேசியிருக்கோம், ராத்திரி தங்கறதுக்கு ஆளுக்கு மாசாமாசம் ஒரு தொகை எடுத்து வெக்கறேன்னாரு. ஆளு இன்னும் கெடைக்கல. கறிக்கடைக்காரர் தம்பி பையன் வர்றேன்னு சொல்லியிருக்கான், ஆனா கருப்பி அவன இன்னும் வாசல் தாண்ட விடல, அதனால இப்பல்லாம் சாயங்காலம் கழிவுக் கவர அவன் கையிலதான் குடுத்து அனுப்பறாங்க.